சுவர் டாக்டர் நிரப்பிய பொந்து

மேஸ்திரி யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் செருப்பைக் கழற்றுவார். அடுத்து சுவரைத் தட்டுவார். நலம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். வலது கை நடுவிரலை மடக்கி, முட்டியால் இரண்டு தட்டு. காதைச் சுவரோரம் கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்வார். சுவர் 'கிண்'ணென்று பதில் சொன்னால் முகம் மலரும். 'தொம்' என்றால், அந்த வீட்டில் தேநீர்கூட அவருக்கு இறங்காது.

ஒருமுறை அவருடைய சித்தப்பா கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பார்க்கப் போன மேஸ்திரி பழப்பையைக் கீழே வைத்த கையோடு, கட்டிலுக்குப் பின்னாலிருந்த சுவரைத் தட்டினார்.

"சித்தப்பா, கட்டிலை ஒரு முழம் தள்ளிப் போடச் சொல்லுங்க. பூச்சு பொத்துக்கிட்டு நிக்குது."

"டேய், என் காலைப் பத்தி ஒரு வார்த்தை கேளேன்டா!"

கட்டிலைத் தள்ளிப் போட்டார்கள். மூன்றாம் நாள் காலையில் இரண்டு கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து, சித்தப்பாவின் தலை இருந்திருக்க வேண்டிய இடத்தில் விழுந்தது. அன்றிலிருந்து மேஸ்திரியின் மச்சினன் அவரை 'சுவர் டாக்டர்' என்று கூப்பிட ஆரம்பித்தான். மச்சினனும் கொத்துவேலைக்காரன்தான், ஆனால் கை ஓடுவதைவிட வாய் அதிகம் ஓடும். அவன் வாயிலிருந்து கிளம்பிய பெயர் ஒரே மாதத்தில் ஊரிலுள்ள செங்கல் லாரி ஓட்டுநர் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

இந்தத் தட்டும் பழக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. மேஸ்திரிக்கு இருபது வயதிருக்கும்போது ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்தார். கான்ட்ராக்டர் சொன்னபடி, வெளியே இரண்டு பக்கமும் நல்ல செங்கல்லை வைத்து, நடுவே மண்ணையும் உடைசலையும் கொட்டிச் சுவர் எழுப்பினார். மேலே வழுவழுவென்று பூச்சு. பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். இரண்டாவது மழைக்குச் சுவர் வயிறு தள்ளியது. மூன்றாவது மழைக்குப் படுத்தேவிட்டது. வீட்டுக்காரி ஒரு தையல்காரி. நல்லவேளையாக அவள் கடைக்கு நூல் வாங்கப் போயிருந்தாள். அவளுடைய தையல் மிஷின்தான் அடியில் மாட்டிக்கொண்டது.

தகவல் கேட்டு ஓடிப்போய் நின்ற இளைஞனை அவள் திட்டவில்லை. நசுங்கிய மிஷினின் சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "உள்ளே என்னப்பா வச்சிருந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

திட்டியிருந்தால் நாலு நாளில் மறந்திருப்பார். இந்தக் கேள்வி மறக்கவில்லை. அன்றைக்கே கான்ட்ராக்டரிடமிருந்து விலகினார். அதன்பின் முப்பது வருடத்தில் அவர் கட்டிய எந்தச் சுவருக்குள்ளும் ஒரு விரல் நுழைய இடம் இருந்ததில்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சாந்தை அமுக்கி, அது பிதுங்கி வந்தால்தான் அடுத்த கல்லைத் தொடுவார்.

"இந்த மனுசன் கட்டுற சுவத்துக்குள்ள காத்துகூட அனுமதி வாங்கிட்டுத்தான் போகணும்" என்பாள் அவர் மனைவி. அவளும் அவரோடுதான் வேலை பார்த்தாள், சித்தாளாக. இருபத்திரண்டு வருடமாகச் சாந்து கலந்து, சட்டியில் அள்ளி, சாரத்தின் மேல் நிற்கும் புருஷன் கைக்கு எட்டக் கொடுத்துவந்தவள். அவர் எப்போது கை நீட்டுவார், எப்போது முகம் சுளிப்பார் என்பதெல்லாம் அவளுக்கு அண்ணாந்து பார்க்காமலே தெரியும்.

அவளுக்கு ஒரே ஓர் ஆசைதான். காலை ஆறு மணிக்கு முச்சந்தியில் போய் நிற்கக் கூடாது. வேலைக்கு ஆள் தேடி வருகிறவர்கள் வண்டியை நிறுத்தி, நின்றுகொண்டிருப்பவர்களைக் கத்தரிக்காய் பொறுக்குவதுபோல் பார்ப்பார்கள். "நீ வா, நீ வேண்டாம்." எவ்வளவு நல்ல கைக்காரனாக இருந்தாலும், ஒரு வேலை முடிந்தால் மறுபடியும் அதே முச்சந்திதான். "ரெண்டு வருசம், ஒரே ரெண்டு வருசம், நாளைக்கு எங்கே வேலைன்னு தெரிஞ்சுக்கிட்டுப் படுக்கணும்" என்பாள்.

அதற்கு ஒரு வழி வந்தது, தலையை விடப் பெரிய ஹெல்மெட் போட்டுக்கொண்டு.

இன்ஜினியர் பெண்ணுக்கு இருபத்து நான்கு வயது. அப்பா சந்தையில் மூட்டை இறக்குகிறவர். அந்தக் குடும்பத்திலேயே கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். ஊரின் ஓரத்தில் குழந்தைகளுக்கென்று ஓர் இலவச மருத்துவமனை கட்ட ஒரு குழு முன்வந்திருந்தது. சின்னக் கட்டடம். டாக்டர் அறை ஒன்று, மருந்து அறை ஒன்று, முன்னால் உட்கார ஒரு கூடம். கல்லும் சிமெண்டும் குறைவாகச் செலவாக வேண்டும், மின்விசிறி ஓடாவிட்டாலும் உள்ளே குளுமையாக இருக்க வேண்டும் என்பது குழுவின் விருப்பம்.

"இது நல்லா வந்தா இன்னும் அஞ்சு இடத்துல இதே மாதிரி கட்டப்போறாங்க மேஸ்திரி. அஞ்சுக்கும் நீங்கதான் தலைமை மேஸ்திரி. நான் சொல்லிட்டேன்" என்றாள் இன்ஜினியர்.

மேஸ்திரியின் மனைவி கணக்குப் போட்டுப் பார்த்தாள். அஞ்சு கட்டடம் என்றால் ரெண்டு வருடத்துக்குக் குறையாது. அன்று அவள் கலந்த சாந்து கொஞ்சம் அதிகமாகவே குழைந்திருந்தது.

வேலை தொடங்கும் முன் வகுப்பு என்றாள் இன்ஜினியர். சிமெண்டு கொட்டகையில் மூட்டைகள் மேல் எல்லோரும் உட்கார்ந்தார்கள்: மேஸ்திரி, மச்சினன், மேஸ்திரியின் மனைவியோடு சேர்த்து நாலு சித்தாட்கள். பிஸ்கட்டும் தேநீரும் வந்தன. அவள் மடிக்கணினியைத் திறந்து படம் காட்டினாள். தகரக் கூரையின் ஓட்டை வழியாக வந்த வெயில் சரியாகத் திரையில் விழுந்து தன் படத்தைக் காட்டியது. சூழல், கார்பன், வளங்குன்றாக் கட்டுமானம் என்று மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, அவளே வெளியே வந்து மூன்றடி உயரத்துக்கு ஒரு மாதிரிச் சுவர் கட்டிக் காட்டினாள். வேலை பழகாத கைதான்; ஆனால் முறை சரியாக இருந்தது. கல்லைப் படுக்க வைக்காமல் ஒருக்களித்து நிறுத்தி, இரண்டு வரிசை, நடுவே இடைவெளி, இரண்டு வரிசையையும் இழுத்துப் பிடிக்க அங்கங்கே குறுக்கே ஒரு கல்.

"இதுக்கு எலிப்பொறிக் கட்டுன்னு பேரு."

"எலி தனியா வருமா, நாமளே பிடிச்சுப் போடணுமா மேடம்?" என்றான் மச்சினன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "நாலு கல்லு வைக்கிற இடத்துல மூணு கல்லு போதும். நடுவுல இருக்கிற காத்து வெயில் சூட்டை உள்ள விடாது."

மேஸ்திரியின் மனைவி கையைத் தூக்கினாள். "சாந்தும் கம்மியாத்தானேம்மா ஆகும்?"

"ஆமாக்கா! கிட்டத்தட்டப் பாதிதான்! சரியாப் புரிஞ்சுக்கிட்டீங்க!" இன்ஜினியருக்கு முகமெல்லாம் பல். கேட்டவள் முகத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. கையை இறக்கி, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எல்லாருக்கும் புரிஞ்சுதா?"

எல்லாத் தலைகளும் ஒன்றாக ஆடின. கொத்துவேலைக்காரன் நாலு பேர் முன்னால் 'புரியலை' என்று சொல்லவே மாட்டான். சொன்னால் அடுத்த வாரம் அவன் கொத்துக்கரண்டியை யாரும் மதிக்க மாட்டார்கள். பிறகு ஆளுக்கொரு தாள் வந்தது. பத்துக் கேள்வி, ஆம் இல்லை. மச்சினன் எல்லாவற்றுக்கும் 'ஆம்' போட்டான். கடைசிக் கேள்வி, 'இதில் உங்களுக்கு ஏதாவது சந்தேகம் உள்ளதா?' அதற்கும் 'ஆம்' போட்டு வைத்தான். அதை யாரும் கவனிக்கவில்லை.

மேற்குச் சுவரில் வேலை தொடங்கியது. நீளமான ஒரே சுவர். வடக்குப் பாதி மருந்து அறைக்கு, தெற்குப் பாதி டாக்டர் அறைக்கு. மருந்து அறைப் பக்கம் மேஸ்திரி, மறுபக்கம் மச்சினன்.

முதல் நாள் இன்ஜினியர் சொன்னபடியே மேஸ்திரி கட்டினார். நூல் பிடித்து, கல்லை நிறுத்தி, குறுக்குக் கல் வைத்து, இடைவெளி விட்டார். கை கட்டியது, மனசு கட்டவில்லை. குனிந்து பார்த்தால் பொந்து பொந்தாக இருட்டு. பல் விழுந்த இடத்தை நாக்கு தேடிப் போவதுபோல் கண் அங்கேயே போனது. இரண்டாம் நாள், முட்டியை மடக்கித் தட்டிப் பார்த்தார்.

தொம்.

முப்பது வருடமாக எந்தச் சத்தத்தைக் கேட்டால் அவருக்குச் சோறு இறங்காதோ, அதே சத்தம். தன் கையால் கட்டிய சுவரிலிருந்து.

நாளைக்கு இதன் பக்கத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தி உட்காருவாள். உள்ளே என்னப்பா வச்சிருந்தீங்க என்று கேட்டால்?

காலடியில் உடைந்த கல் துண்டுகள் கிடந்தன. 'உடைசலை வீணாக்கக் கூடாது, எங்கேயாவது பயன்படுத்தணும்' என்று வகுப்பில் அந்தப் பெண்ணே சொல்லியிருந்தாள். மேஸ்திரி சுற்றிலும் பார்த்தார். இன்ஜினியருக்கு வேறொரு இடத்திலும் வேலை. காலையில் ஒரு மணி நேரம்தான் இங்கே இருப்பாள். இரண்டு துண்டைப் பொந்தில் போட்டார். மேலே ஒரு கரண்டி சாந்தை விட்டு அமுக்கினார். தட்டினார். கிண். அப்பாடா என்றிருந்தது.

மறுநாள் காலையில் வந்ததும் முதல் வேலையாக, முதல் நாள் விட்டிருந்த வரிசைகளையும் மேலிருந்தே திணித்து நிரப்பினார். ஒரு நல்ல காரியத்தை விளம்பரமில்லாமல் செய்கிற ஆளின் அடக்கம் அவர் முகத்தில் குடிவந்தது. இரண்டு காரியத்தை ஒரே கல்லில் சாதித்துவிட்டோம், உடைசலும் வீணாகவில்லை, குழந்தைகளும் பத்திரம் என்று அவருக்குள் ஒரு திருப்தி.

சட்டி கொடுக்கிறவளுக்குத் தெரியாமல் சாந்து எப்படிப் போகும்? மூன்றாவது நாள் மனைவி கீழேயிருந்து கேட்டாள்: "ஏங்க, என் தம்பி பத்துச் சட்டி வாங்குற நேரத்துல நீங்க இருபது வாங்குறீங்களே, சாப்பிடுறீங்களா?"

"அது கண்ணுக்குத் தெரியாத வேலை. பேசாம குடு."

வழக்கமாக அவள் இந்தப் பதிலுக்கெல்லாம் அடங்குகிற ஆள் இல்லை. அன்று என்னவோ பேசாமல்தான் கொடுத்தாள். பக்கத்தில் நின்ற இன்னொரு சித்தாளிடம், "இன்னும் ரெண்டு மூட்டை மணல் சலிச்சு வை. வேலை இருக்கு" என்றாள், கொஞ்சம் சந்தோஷமாகவே.

மச்சினனோ சொன்ன முறையில் ஒரு கல் பிசகாமல் கட்டிக்கொண்டு போனான். புரிந்து அல்ல. பொந்தை நிரப்புவது கூடுதல் வேலை. கூடுதல் வேலையை அவன் வாழ்நாளில் தேடிப் போனதில்லை.

மேற்குச் சுவர் முழுதும் ஏழடி உயரத்துக்கு வந்து, தண்ணீர் விட்டு ஆறிய பிறகு, வயர்மேன் வந்தான். பைப்புக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, விசில் அடித்துக்கொண்டே வந்தான். அவனுக்கு இந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது. மற்ற கட்டடங்களில் பைப்பு பதிக்கச் சுவரை நீளமாகக் குடைய வேண்டும். தூசியில் மூக்கு அடைத்துப்போகும். இங்கே குறுக்குக் கல்லை ஒட்டினாற்போல் மேலிருந்து கீழ்வரை வழி இருக்கிறது. சும்மா இறக்கினால் போதும்.

டாக்டர் அறைச் சுவரில் இறக்கினான். பைப்பு சர்ரென்று வழுக்கிக்கொண்டு போய்க் கீழே நின்றது.

"ஆகா! இனி எந்தக் கட்டடமா இருந்தாலும் இப்படித்தான் கட்டணும்."

ஏணியை நகர்த்தி மருந்து அறைச் சுவரில் இறக்கினான். ஒரு சாண் போய் நின்றது. பக்கத்துப் பொந்தில் பார்த்தான். அங்கேயும் ஒரு சாண். நீளக் கம்பியை எடுத்துக் குத்தினான். டங் என்றது.

"மேஸ்திரி, உங்க பொறியில எலி மாட்டிக்கிச்சு போல. சின்ன எலி இல்ல, பெருச்சாளி."

மேஸ்திரிக்கு அதுவரை தோன்றவே இல்லை, அந்த இடைவெளிக்கு வேறு யாராவது வேலை வைத்திருப்பார்கள் என்று. கையிலிருந்த கரண்டியைச் சும்மாவே துடைத்தார். அந்த நேரம் பார்த்து இன்ஜினியரின் ஸ்கூட்டர் வந்து நின்றது.

அவள் ஏணியில் ஏறிப் பார்த்தாள். இறங்கி வந்து எல்லோர் முகத்தையும் பார்த்தாள். மச்சினன்தான் வாயைத் திறந்தான்.

"கட்டும்போது சாந்து சிந்தி உள்ள விழுந்திருக்கும் மேடம். மாமாவுக்குக் கை தாராளம் பாருங்க. எல்லா மேஸ்திரிக்கும் நடக்கிறதுதான்."

நல்ல பொய். அவசரத்துக்கு அதைவிட நல்ல பொய் கிடைக்காது. இன்ஜினியர் முகத்தில் ஒரு நிம்மதிகூட வந்தது. மேஸ்திரிக்கு அது தெரிந்தது. தலையை ஆட்டினால் போதும். அடுத்த வெள்ளிக்கிழமை குழு பார்க்க வருகிறது. அஞ்சு கட்டடம். ரெண்டு வருடம். மனைவி சட்டியைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பில் ஆட்டிய தலைதான். இன்றைக்கு ஆட மறுத்தது.

"சிந்தலைம்மா. நான்தான் நிரப்பினேன். மேல ஒரு சாண் விட்டு, அடியிலேருந்து மொத்தமும்."

"ஏன் மேஸ்திரி?"

தையல் மிஷின் கதையை அவர் அதுவரை வெளியாள் யாரிடமும் சொன்னதில்லை. அன்று சொன்னார். நசுங்கிய சக்கரத்தையும் சொன்னார், அந்தக் கேள்வியையும் சொன்னார். "உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணா இனிக் கட்ட மாட்டேன்னு வச்சிருந்தேன். பொந்து விட்டா ஏமாத்துறதுன்னு மனசுல பதிஞ்சுபோச்சு."

"அது சரி" என்றாள் மனைவி, சட்டியைக் கீழே வைத்து. "வெளிய பொந்துச் சுவர்னு சொல்லிட்டு உள்ள அடைச்சு வச்சீங்களே, அது மட்டும் என்னவாம்? அதுவும் உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணுதானே?"

மேஸ்திரி அவளைப் பார்த்தார். முப்பது வருடக் கொள்கையை ஒரே தட்டில் தட்டிப் பார்த்துவிட்டாள்.

"இதை நீ அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம். சொல்லலை. ஏன்னா எனக்கும் அது வசதியா இருந்துச்சு." அவள் இன்ஜினியர் பக்கம் திரும்பினாள். "அன்னைக்கு சாந்து கம்மியாகுமான்னு நான் கேட்டேன்ல, நீங்க சந்தோசப்பட்டீங்க. நான் சந்தோசத்துல கேக்கலைம்மா. சாந்து பாதின்னா சாந்து கலக்குற ஆளும் பாதிதானே? நாலு பேர்ல எந்த ரெண்டு பேரை வீட்டுக்கு அனுப்புவீங்கன்னு பயம். இவர் அடைக்கட்டும், நமக்கு வேலை ஓடட்டும்னு இருந்துட்டேன்."

இன்ஜினியர் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு சட்டியின் மேல் உட்கார்ந்தாள். ஹெல்மெட் கண் வரை இறங்கியது. கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் புரிஞ்சுதான்னு கேட்டேன். நம்புறீங்களான்னு கேக்கவே இல்லை. நீங்க கேட்டதுக்கும் பதில் சொல்லலைக்கா. கேள்வியே என் காதுல விழலை." ஹெல்மெட்டை எடுத்துக் காலடியில் வைத்தாள். "எங்கப்பாகிட்ட யாராவது இப்படிப் பேசிட்டுப் போயிருந்தா எனக்குக் கோவம் வந்திருக்கும்."

அவள் கோபப்பட்டிருந்தால்கூட மேஸ்திரிக்குச் சமாளிக்கத் தெரியும். இதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. "தேநீர் சொல்லட்டுமாம்மா?" என்றார்.

தேநீர் வந்தது. குடித்துக்கொண்டே மேஸ்திரி முற்றத்திலிருந்த மாதிரிச் சுவரைப் பார்த்தார். "ஒண்ணு கேக்கட்டுமா? அது நிஜமாவே தாங்குமா?"

"ஏறிப் பாருங்க."

மேலே ஒரு பலகையைப் போட்டு முதலில் அவர் ஏறினார், பனிக்கட்டி மேல் நடக்கிறவர் மாதிரி. சுவர் அசையவில்லை. "மாப்ள, நீயும் வா." மச்சினன் ஏறினான். வயர்மேன் ஏறினான். மூன்று பேரும் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மச்சினன் இடுப்பை வேறு ஆட்டிக் காட்டினான்.

"டேய், அது சுவருடா, மேடை இல்ல!"

"டாக்டர் மாமா, நோயாளி நல்லா இருக்கார். பயப்படாதீங்க."

இன்ஜினியர் கையோடு கையைக் கோத்துக் காட்டினாள். குறுக்குக் கல் ஒவ்வொன்றும் இரண்டு பக்கத்தையும் இப்படித்தான் பிடித்துக்கொள்கிறது. அன்று அந்தக் கான்ட்ராக்டர் கட்டச் சொன்ன சுவரில் இந்தப் பிடி இல்லை, வெறும் மண்ணும் உடைசலும்தான் இருந்தன, மண் ஊறி வெளியே தள்ளியது. மேஸ்திரி அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் அவர் பழி போட்டது பொந்தின் மேல். அங்கே பொந்தே இல்லை.

"அப்ப சூடு? அதையும் காட்டுங்க."

வெயில் இறங்கும்வரை காத்திருந்தார்கள். இரண்டு அறைக்கும் மேலே தார்ப்பாய் கட்டி நிழல் செய்தார்கள். மேற்குச் சுவர் மத்தியானமெல்லாம் வெயிலில் காய்ந்தது. ஐந்து மணிக்கு மேஸ்திரி மருந்து அறைக்குள் போய், தான் கட்டிய சுவரில் உள்ளங்கையை வைத்தார். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தின் மூடி மாதிரி கதகதவென்றிருந்தது. அடுத்த அறைக்குப் போய் மச்சினன் கட்டியதில் வைத்தார். வெயில் ஒன்று இருப்பதே தெரியாததுபோல் அது நின்றது. நம்பாமல் கன்னத்தையும் வைத்துப் பார்த்தார். திரும்ப இந்த அறை. திரும்ப அந்த அறை. நாலு தடவை நடந்தார்.

"மருந்து அறையைப் பார்த்துச் சூடாக்கியிருக்கீங்களே மாமா. நான் தூங்கிக்கிட்டே கட்டினது எவ்வளவு குளுகுளுன்னு இருக்கு பாருங்க."

"இன்னிக்கு ஒரு நாள் உனக்குப் பேச உரிமை இருக்கு. பேசிக்கோ."

இன்ஜினியர், சுவரின் மேலாக வயரை ஒட்டவைத்துச் சமாளிக்கலாம், குழுவிடம் தானே எடுத்துச் சொல்கிறேன் என்றாள். மேஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை. "நாளைக்கு யாராவது உள்ள என்ன வச்சிருக்கேன்னு கேட்டா, தப்புத்தான் வச்சிருக்கேன்னு சொல்லவா? இடிச்சுடுறேன்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டித் தர்றேன்."

இடிப்பது லேசாக இல்லை. மேஸ்திரி கட்டிய சுவர் அல்லவா? சுத்தியலை எகிற வைத்தது. மச்சினன் வியர்வையைச் சுண்டிவிட்டு, "ஒரு தப்பை இவ்வளவு உறுதியா யாராவது செய்வாங்களா? எங்கேயாவது ஒரு இடத்துல ஏமாத்தியிருக்கக் கூடாது?" என்று புலம்பினான். வெட்கத்துக்கு நடுவிலும் மேஸ்திரிக்கு அது கேட்க நன்றாகத்தான் இருந்தது. முழுதாக வந்த கற்களைச் சித்தாட்கள் சுரண்டி அடுக்கினார்கள். உடைந்தவை தரைக்கு அடியில் போடப் போயின. அவற்றுக்குச் சரியான இடம் அதுதான்.

இரண்டு நாள் இடிப்பதிலேயே போய்விட்டது. மீதி மூன்று நாள். மச்சினன் கூடத்துச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தான். ஒருக்களித்த கல்லை நிறுத்தும்போது இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நேராக நிற்க வேண்டும். ஒற்றை ஆளுக்கு அது மெதுவாகத்தான் நகரும். முதல் நாள் மத்தியானம் வரை மேஸ்திரியின் சுவர் ஓரடிகூட ஏறவில்லை.

"தள்ளுங்க" என்றாள் மனைவி. சுவரின் மறுபக்கம் போய் நின்றாள். தரையில் சாந்து கிளற வைத்திருந்த பழைய கரண்டி அவள் கையில் இருந்தது.

"உனக்கு வராது."

"இருபத்திரண்டு வருசம் வேடிக்கை பார்த்திருக்கேன். கல்லை வைங்க."

அவர் இந்தப் பக்கம் நிறுத்தினார். அவள் அந்தப் பக்கம் நிறுத்தினாள். குறுக்குக் கல்லை இரண்டு பேரும் சேர்த்து வைத்தார்கள். முதல் வரிசை கொஞ்சம் கோணல். அவளே பிரித்து மறுபடி வைத்தாள். மூன்றாவது வரிசையில் அவர் நூலைப் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். மற்ற சித்தாட்கள் மூன்று பேரும் சட்டியை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்ஜினியரும் பார்த்தாள். பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் கடைசிக் கல் ஏறியது. வயர்மேன் காத்திருந்து பைப்பை இறக்கினான். சர்ர். எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு பைப்பு கீழே போனதற்கு யாரும் கை தட்டி அவன் அதுவரை பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை குழு வந்தது. தலைவி ஓய்வுபெற்ற செவிலியர்; எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்பாத ஆள். மேஸ்திரி அவரை இரண்டு அறைக்கும் கூட்டிப்போய்ச் சுவரைத் தட்டிக் காட்டினார். தொம். "இந்தச் சத்தம் வந்தா பயப்படாதீங்கம்மா. நல்ல சத்தம்தான்" என்றார். சொல்லிவிட்டு, தானே இன்னொரு தடவை தட்டிக் காதை வைத்துக் கேட்டார். முப்பது வருடப் பழக்கம் ஒரு வாரத்தில் போய்விடுமா? பிறகு, யாரும் கேட்காமலே, இந்தப் பாதியைத் தான் ஒருமுறை தப்பாகக் கட்டி இடித்ததையும் சொல்லிவிட்டார். மச்சினன் பின்னாலிருந்து சட்டையை இழுத்துப் பார்த்தான்; பலனில்லை.

தலைவி தானும் சுவரில் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். "தப்பா கட்டினதை நீங்களே சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காதும்மா."

"அப்ப மத்த அஞ்சையும் நீங்களே கட்டுங்க."

அடுத்த மாதம் இரண்டாவது இடத்தில் வேலை தொடங்கியது. புதிதாக ஆறு கொத்துக்காரர்கள், நாலைந்து சித்தாட்கள். கொட்டகை, மூட்டை, பிஸ்கட், தேநீர். மடிக்கணினி இல்லை. அதற்குப் பதில் முற்றத்தில் இரண்டு குட்டைச் சுவர்கள் நின்றன. ஒன்று நிரப்பியது, ஒன்று பொந்து விட்டது. தொட்டுப் பார்க்கலாம், ஏறியும் பார்க்கலாம். இன்ஜினியர் பேசி முடித்து, பழக்க தோஷத்தில் "எல்லாருக்கும் புரி..." என்று தொடங்கி நிறுத்திவிட்டு, மேஸ்திரியைப் பார்த்தாள்.

மேஸ்திரி எழுந்து தொண்டையைச் செருமினார். "தலையை ஆட்டாதீங்க. நான் ஆட்டிட்டுத்தான் ஒரு சுவத்தை இடிச்சேன். இதுல யாருக்கெல்லாம் நம்பிக்கை இல்லையோ, கையைத் தூக்குங்க."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையில் ஒரே ஒரு கை மேலே போனது. மேஸ்திரியின் மனைவி.

"உனக்கென்ன இப்ப?"

"போன தடவை கேட்டதுக்கே இன்னும் பதில் வரலை. சாந்து பாதிதான்னா சித்தாளுங்க பாதிப் பேரு என்ன பண்றது?"

புதிய சித்தாட்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மேஸ்திரி இன்ஜினியரைப் பார்த்தார். அவள் நோட்டைத் திறந்தாள்.

"இந்தக் கட்டுக்கு ஒரு சுவத்துக்கு ரெண்டு பக்கமும் ஆள் வேணும்க்கா. சாந்து கலக்க ஆள் குறையும், கல்லு வைக்க ஆள் கூடும். யாருக்கு விருப்பமோ அவங்க மேல ஏறிக் கத்துக்கலாம்; ஏறினா கொத்துக்காரர் கூலின்னு குழுகிட்ட எழுதி வாங்கிட்டேன். எல்லாருக்கும் சரியா வருமான்னு எனக்கே தெரியலை. இந்தக் கட்டடத்துல பார்த்துடலாம். வரலேன்னா மறுபடி கையைத் தூக்குங்க."

மேஸ்திரி தன் பைக்குள் கையை விட்டு, பிடியில் இன்னும் கடைச் சீட்டு ஒட்டியிருந்த ஒரு புதுக் கரண்டியை எடுத்து மனைவியிடம் நீட்டினார். அவள் வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு நடுவிரலை மடக்கி, அதன் தகட்டை முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிக் காதருகே கொண்டுபோனாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "ம், இப்ப மத்தவங்க சந்தேகத்தைக் கேளுங்க."

அதற்குள் நாலு கை உயர்ந்திருந்தது.